வேற்றுக் கிரகத்துல இருக்கிறவங்களுக்கும் நம்ம முருகன்தான் சாமியா? சங்கரன்கோவில் சொல்லித்தரும் பதில்

ஓம் சரவணபவ 🙏



நம்ம குரூப்கள்ல அடிக்கடி சுத்திவர்ற கேள்வி இது. "வேற்றுக் கிரகத்துல அறிவுள்ள உயிர் இருக்குன்னு நாளைக்கே கண்டுபிடிச்சிட்டா நம்ம சாமி என்ன ஆவார்? அவங்களுக்கும் முருகன்தான் சாமியா?" பாதிப் பேர் கிண்டலுக்குக் கேட்கிறாங்க. மீதிப் பேர் ராத்திரி தூக்கம் வராம வானத்தைப் பார்த்துட்டு நிஜமாவே கேட்கிறாங்க. அந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாப் படிங்க.

*அவசரப் பதில்கள் இரண்டு*

இந்தக் கேள்வி வந்ததும் இரண்டு பதில் உடனே வந்து விழும்.

ஒண்ணு, "ஏலியன் வந்துட்டா சாமி கதை முடிஞ்சது." ஏன் முடியணும்? பூமி மட்டும்தான் உலகம், மனுஷன் மட்டும்தான் அறிவுள்ளவன் என்று நம்புகிற பக்திக்குத்தான் அந்தச் செய்தி அதிர்ச்சி. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் சூரபத்மன் வரமாகப் பெற்ற ஆட்சி 1008 அண்டங்களுக்கு, 108 யுகங்களுக்கு. திருவாசகத்தில் திருவண்டப்பகுதி அண்டங்களை நூற்றொரு கோடிக்கும் மேல் என்று பேசுகிறது. முருகனையும் சிவனையும் பாடினவங்க யாரும் அவங்களை இந்த ஒரு பூமிக்குள்ள அடைச்சு வைக்கல. அதனால வேறொரு உலகத்தில் வேறொரு உயிர் இருந்தா, நம்ம பக்திக்கு அடியில் இருக்கிற கல் எதுவும் பெயர்ந்துடாது.

இரண்டாவது பதில் இன்னும் பிரபலம். "எல்லாம் நம்ம முன்னோர் அப்பவே சொல்லிட்டாங்க. தேவர்கள்தான் ஏலியன்கள். மயில்னா விண்கலம், வேல்னா லேசர்." இதுக்கு லைக் குவியும். ஆனா முருகன் மேல உண்மையான பிரியம் இருக்கிறவங்க இதை ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிக்கணும். 1008 என்கிற கணக்கு தொலைநோக்கி வைச்சு எண்ணின கணக்கு கிடையாது. அத்தனை அண்டம் கையில் இருந்தும் ஒருத்தனுக்கு ஆசை தீரலை, தேவர்களைச் சிறையில் போட்டுத்தான் அவன் மனசு நிறைஞ்சதுன்னு சொல்ல வந்த கணக்கு. மயில் யார்? தோற்ற சூரன். எதிர்த்து நின்னவனே கடைசியில் முருகனைச் சுமக்கிறான். அந்த மயிலை இயந்திரமா மாத்திட்டா கதையில் மீதி என்ன இருக்கு? அறிவியல்காரங்களும் சிரிப்பாங்க, புராணமும் வத்திப்போகும்.

*இதுவரைக்கும் என்ன தெரியும்?*

நேர்மையாச் சொன்னா, வேறொரு உலகத்திலிருந்து அறிவுள்ள உயிர் அனுப்பினதுன்னு உறுதியான ஒரு சமிக்ஞைகூட இதுவரை கிடைக்கல.

தேடல் நடக்காம இல்லை. 1960-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர் பக்கத்து விண்மீன்கள் இரண்டைக் குறிவைச்சு ரேடியோ தொலைநோக்கியில் காது கொடுத்துக் கேட்டார். ஒண்ணும் வரல. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவிக்கு 1.337 விநாடிக்கு ஒரு தடவை தவறாம அடிக்கிற ரேடியோத் துடிப்பு கிடைச்சது. கடிகாரம் மாதிரி அவ்வளவு ஒழுங்கு. அதுக்கு வேடிக்கையா 'சின்னப் பச்சை மனிதர்கள்'னே பேர் வைச்சாங்க. கடைசியில் அது வேகமாச் சுழலும் ஒரு நியூட்ரான் விண்மீன். இன்னைக்கு அதைப் பல்சார்னு சொல்றோம். ஏலியன் கிடைக்கல, ஆனா யாரும் நினைச்சுப் பார்க்காத புது வகை விண்மீன் கிடைச்சது.

நம்ம மாநிலத்திலேயே ஊட்டிக்குப் பக்கத்தில், முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டின ரேடியோ தொலைநோக்கி 1970-லிருந்து வேலை செய்யுது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். ஊட்டி பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கு. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலைச்சரிவாத் தேடிப் பிடிச்சு அதன் மேல கட்டினாங்க. அதனால தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையா அமைஞ்சது. ஒரே அச்சில் திருப்பினாப் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அது ஏலியனைத் தேடக் கட்டினது இல்லை. தூரத்து ரேடியோ மூலங்களையும் பல்சார்களையும் ஆராயக் கட்டினது. ஆனா, காது கொடுத்துக் கேட்கணும்னா முதல்ல நிற்கிற இடத்தைச் சரி பண்ணணும்னு அந்த மலைச்சரிவு நமக்குச் சொல்லுது.

தூரம் எவ்வளவுன்னும் பார்ப்போம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டு தள்ளி இருக்கு. "சௌக்கியமா?"ன்னு கேட்டா பதில் வர எட்டு வருஷத்துக்கு மேல ஆகும். 1974-ல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்கிற விண்மீன் கூட்டத்தைப் பார்த்து ஒரு செய்தி அனுப்பினாங்க. அது போய்ச் சேரவே சுமார் 25,000 வருஷம். பதில் வந்தா இன்னொரு 25,000.

ஆக, 'தொடர்பு'ன்னா சினிமாவில் வர்ற மாதிரி தட்டு வந்து இறங்குறதா இருக்க வாய்ப்பு குறைவு. வந்தா, அது தூரத்திலிருந்து வர்ற ஒரு குரலா இருக்கும். யாரோ, எப்பவோ சொன்னது. அந்தக் குரலை நாம எப்படிக் கேட்போம்? இந்த இடத்தில்தான் சங்கரன்கோவிலுக்குப் போகணும்.

*புற்றுக்குள்ளிருந்து வந்த கேள்வி*

சங்கரன்கோவில் தலக்கதை தென்காசி, திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். மத்தவங்களுக்காகச் சுருக்கமா: சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். யார் சாமி பெரிசுன்னு இரண்டு பேருக்கும் சண்டை. தீராத சண்டையோட அம்பாள் கிட்ட போனாங்க. இரண்டும் ஒன்றுதான்னு காட்ட வேண்டி அம்பாள் புன்னைவனத்துக்கு வந்து தவம் இருந்தா. ஆடி உத்திராடத்தில் சிவன், வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாக, சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார். இன்னைக்கும் ஆடித்தபசுக்கு ஊரே திரண்டு நிற்கும். அம்பாள் ஒற்றைக்காலில் தவம் நின்ற வலியில் பங்கெடுக்கிறதா நினைச்சுத்தான் பக்தர்கள் ஆடிச்சுற்று சுற்றுறாங்க. புற்றுமண்தான் பிரசாதம்.

இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருப்போம். நூத்தி ஒண்ணாவது தடவையா ஒரு விஷயத்தைக் கவனிங்க. கேள்வி கேட்டது மனுஷன் இல்லை. பாம்பு.

"பாம்புக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?"ன்னு அம்பாள் கேட்கல. "உங்களுக்குப் புரியாது, போங்க"ன்னும் அனுப்பல. "சங்கன் சொன்னதுதான் சரி"ன்னு ஒரே வார்த்தையில் தீர்ப்பும் சொல்லல. அந்தக் கேள்வியைத் தன் கேள்வியா எடுத்துக்கிட்டு தவத்துக்கே போயிட்டா. உடம்பு வேற, நாக்கு வேற, வாழ்ற இடம் மண்ணுக்கு அடியில். அப்படிப்பட்ட உயிரோட சந்தேகத்துக்காக உலகத்துக்கே தாயானவ ஒற்றைக்காலில் நிற்கிறா.

இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர்ல நம்ம கழுகாசலமூர்த்தி இருக்கிற கழுகுமலை. அங்கே முருகனை வழிபட்டவர்னு தலக்கதை சொல்றது கழுகரசன் சம்பாதியை. ஒரு பக்கம் பாம்பு, ஒரு பக்கம் கழுகு. ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை. இரண்டுமே இந்தச் சீமையில் அடியார்கள்.

"அப்போ நாகர்கள்தான் ஏலியன்களா?"ன்னு ஆரம்பிச்சுடாதீங்க 😄 இந்தக் கதைகள் வானத்தில் யார் இருக்காங்கன்னு தகவல் சொல்ல வரல. நம்மை மாதிரி இல்லாத ஒருத்தர் வந்து பேசினா எப்படி நடந்துக்கணும்னு நம்மை வளர்த்த கதைகள் இவை. உருவத்தைப் பார்த்து எடை போடாதே, கேள்வியைக் கேள்.

*வந்தவன் கெட்டவனா இருந்தா?*

நியாயமான பயம். ஸ்டீஃபன் ஹாக்கிங்கே 2010-ல் எச்சரிச்சார். நம்மைவிட வலுவான வேற்றுலகத்தார் வந்தா, கொலம்பஸ் போய் இறங்கின பிறகு அமெரிக்கப் பழங்குடிகளுக்கு நடந்தது நமக்கும் நடக்கலாம் என்றார்.

நம்ம புராணமும் இதில் ஏமாளி இல்லை. சூரபத்மனுக்கு அறிவு இல்லையா? இருந்தது. தவவலிமை? சிவனே இறங்கி வந்து வரம் கொடுக்கிற அளவுக்கு. 1008 அண்டங்களைக் கட்டி ஆளும் திறமை? அதுவும் இருந்தது. கருணை மட்டும் இல்லை. அதனால "அவங்க நம்மைவிட லட்சம் வருஷம் முன்னேறினவங்க, கண்டிப்பா நல்லவங்களாத்தான் இருப்பாங்க"ன்னு சொல்றவங்களை ஒரு முருக பக்தன் எளிதில் நம்ப மாட்டான். அறிவு வேற, அறம் வேற. அது பூமியிலும் அப்படித்தான்.

ஆனா முருகன் என்ன செஞ்சார்னும் பாருங்க. கையில் வேல் இருக்கு. படை தயார். திருச்செந்தூரில் வந்து இறங்கியாச்சு. அப்பவும் முதல்ல வேலை அனுப்பல, வீரபாகுவைத் தூது அனுப்பினார். தேவர்களை விட்டுடு, திருந்திக்கோன்னு ஒரு வாய்ப்பு. மறுமொழி தப்பா வந்த பிறகுதான் போர். போரின் முடிவிலும் அழிப்பு இல்லை. மாமரமா நின்ற சூரன் இரண்டாப் பிளந்து மயிலாகவும் சேவலாகவும் முருகன் கிட்டயே வந்து சேர்ந்தான். எச்சரிக்கையா இரு, வேலைக் கீழே போடாதே, ஆனா முதல் அடி பேச்சா இருக்கட்டும். வானத்திலிருந்து குரல் வந்தாலும் சரி, எதிர் வீட்டிலிருந்து வந்தாலும் சரி, இதுக்கு மேல நல்ல வழி எனக்குத் தெரியல.

*நமக்குக் கசக்கிற பக்கம்*

இதோட முடிச்சிருந்தா இந்தப் பதிவு "நம்ம மரபு எவ்வளவு பெரிசு பாருங்க"ன்னு ஒரு ஃபார்வர்டாப் போயிடும். அதனால இதையும் எழுதியாகணும்.

சங்கரன்கோவில் தலவரலாற்றில் இன்னொருத்தர் வர்றார். புன்னைவனத்துக்குக் காவல் இருந்தவர். காவற்பறையன் என்றே கதை அவரைச் சொல்லுது. பேரிலேயே எந்தச் சமூகம்னு இருக்கு. அவர் புற்றை வெட்டும்போதுதான் பாம்பின் வால் அறுபட்டு, உள்ளே லிங்கம் இருப்பது தெரிஞ்சது. அவர் ஓடிப் போய்ச் சொன்ன பிறகுதான் உக்கிரபாண்டிய மன்னனுக்கே விஷயம் தெரியும். கதைப்படி, புற்றுக்குள் இருந்த சாமியை முதல்ல பார்த்த மனுஷக் கண் அவருடையது.

ஆனா வரலாறு என்ன சொல்லுது? தமிழ்நாட்டின் பெருங்கோயில்கள் பலவற்றில் அவரோட சமூகத்தாரும் வேறு பல சமூகத்தாரும் வாசலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையா நின்னாங்க. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலரை வைத்தியநாத ஐயர் அழைச்சுட்டுப் போனது அவ்வளவு பெரிய செய்தியானதுக்குக் காரணம் அதுதான். அதே வருஷம் அதுக்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. அது எத்தனையோ நூற்றாண்டு தாமதம். பாம்பின் கேள்விக்கு அம்பாள் தவம் நின்ற கதையை ஆடிக்கு ஆடி கொண்டாடின அதே சமூகம்தான், பக்கத்துத் தெரு மனுஷன் "நானும் வர்றேன்"னு சொன்னதைக் கேட்காம இருந்தது. இன்னைக்கும் சில ஊர்களில் கோயில் நுழைவுத் தகராறு செய்தியா வந்துட்டுத்தான் இருக்கு.

இது பழங்கதை, ஏலியனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். சம்பந்தம் இருக்கு. வேற்றுலகத்தாரோட தொடர்பு கொள்றதுல பெரிய தடை தூரம்தான்னு நினைக்கிறோம். பக்கத்துத் தெரு பத்தடி தூரம்தான். மொழியும் ஒண்ணுதான், சாமியும் ஒண்ணுதான். அங்கேயே குரல் கேட்கலைன்னா, தடை தூரத்தில் இல்லை.

இன்னொரு உதாரணம். 1977-ல் நாசா அனுப்பின இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் ஒரு தங்க முலாம் பூசின இசைத்தட்டு இருக்கு. கார்ல் சேகன் குழு தயாரிச்சது. 55 மொழிகளில் வணக்கம் இருக்கு. தெலுங்கு, கன்னடம், சிங்களம் எல்லாம் உண்டு. கேசர்பாய் கேர்கர் பாடின பாட்டும் உண்டு. தமிழ் இல்லை. இதைச் சொன்னதும் நம்ம ஆளுங்களுக்குக் கோபம் வரும். "எங்களை விட்டுட்டு பூமி சார்பில் பேச நீங்க யார்?" நியாயமான கோபம்தான். அந்தக் கோபத்தை அப்படியே கையில் வைச்சுக்கிட்டு, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர் பக்கம் நின்னு ஒரு தடவை யோசிங்க. அவரும் அதையேதானே கேட்டார்? "எங்களை வெளியே நிறுத்திட்டு ஊர் சார்பில் தேர் இழுக்க நீங்க யார்?"

வாயேஜர் 1 இப்போ 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் போயிட்டிருக்கு. அதில் நம்ம வணக்கத்தை இனிமே ஏத்த முடியாது. பக்கத்துத் தெருவுக்கு வணக்கம் சொல்ல இன்னும் நேரம் இருக்கு.

*அப்போ பதில்?*

"அவங்களுக்கும் முருகன்தான் சாமியா?" இந்தக் கேள்வியை மறுபடி வாசிச்சுப் பாருங்க. எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? இது சங்கனும் பதுமனும் போட்ட சண்டையேதான். அப்போ "உன் சாமியா, என் சாமியா?" இப்போ "உன் கிரகமா, என் கிரகமா?" அளவுதான் பெருத்திருக்கு.

அதுக்குக் கிடைச்ச பதிலும் கண்ணு முன்னாடி நிற்குது. சங்கரநாராயணரின் வலப்பாதியில் ருத்ராட்சமும் மழுவும் புலித்தோலும். இடப்பாதியில் துளசியும் சங்கும் பீதாம்பரமும். ஒரு பாதி இன்னொரு பாதியை விழுங்கல. "நீ கும்பிடுறதும் என் சாமியைத்தான், பேரை மட்டும் மாத்திக்கோ"ன்னு யாரும் சொல்லல. விபூதியும் தர்றாங்க, துளசி தீர்த்தமும் தர்றாங்க. பதுமன் பதுமனாவே இருந்துட்டுத்தான் கும்பிட்டான்.

என் நம்பிக்கையைச் சொல்றேன். முருகன் எல்லா அண்டத்துக்கும் உரியவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா வேறொரு உலகத்தில் வேறொரு உயிர் அவரை எந்தப் பேரில், எந்த உருவத்தில் அறியும், அறியுமா என்பதை நான் இங்கே உட்கார்ந்து முடிவு பண்ண முடியாது. ஆறுமுகம் என்று நாம பாடுறது நமக்குக் காட்டின முகம். அவங்களுக்குக் காட்டின முகம் வேறயா இருக்கலாம். அதைக் கேட்க நேர்ந்தா "தப்பு"ன்னு சொல்லாம உட்கார்ந்து கேட்கிற மனசு வேணும். அவங்க "எங்களுக்குச் சாமியே இல்லை"ன்னு சொன்னாலும் கேட்கணும். அதனால என் வேண்டுதல் குறைஞ்சுடாது.

அந்த மனசு ஒரே நாளில் வராது. அம்பாளுக்கே தவம் தேவைப்பட்டதுன்னுதான் கதை சொல்லுது. நமக்கு இப்போதைக்குச் சின்னப் பயிற்சி போதும். உறுதியாகாத விண்வெளிச் செய்தியை "புராணம் நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு போட்டு ஃபார்வர்ட் பண்ணாம இருக்கிறது ஒண்ணு. குரூப்ல நாத்திகர் கேள்வி கேட்டா திட்டாம ஒரு தடவை முழுசாப் படிக்கிறது ஒண்ணு. அடுத்த ஆடித்தபசுக்கோ கந்தசஷ்டிக்கோ அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன சாதின்னு மனசு தேட ஆரம்பிக்கும்போதே, புற்றிலிருந்து வந்த அந்த இரண்டு அடியார்களை நினைச்சுக்கிறது ஒண்ணு.

வானத்திலிருந்து குரல் நம்ம காலத்தில் வரலாம், வராமலும் போகலாம். எப்போ வந்தாலும் அதைக் கேட்கத் தெரிஞ்ச பிள்ளைகளா முருகன் நம்மை வைச்சிருக்கட்டும்.

வேலும் மயிலும் துணை 🦚
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!

(பிடிச்சிருந்தா உங்க குரூப்ல பகிருங்க. பிடிக்கலைன்னா ஏன்னு எழுதுங்க, படிக்கிறேன்.)